சிறப்பு விருந்தினர் வரும்வரை

1

இந்தக் கதை என் மனதில் உதிக்கவில்லை. தொலைபேசியில் வந்தது.

ஆண்டு மலர் வேலையில் மூழ்கிக் கிடந்த பத்திரிகை ஆசிரியர் ஒரு மதியம் கூப்பிட்டார்.

"ஒரு கதை வேணும்மா. ஆமை வரணும். அப்புறம் மார்…" என்று நிறுத்தித் தொண்டையைச் செருமினார். "பெண்களுக்கு வர்ற அந்த நோயும் வரணும்."

"எந்த நோய் சார்?"

"அதாம்மா. ரோஸ் ரிப்பன்."

விஷயம் இதுதான். மலருக்கு முழுப்பக்க விளம்பரம் தரும் நிறுவனம் பிளாஸ்டிக் பைகள் செய்கிறது. அதற்கு இரண்டு சமூக அக்கறைகள் உண்டு. ஒன்று கடலாமைப் பாதுகாப்பு, இன்னொன்று மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு. மிதக்கும் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமைகள் விழுங்கிச் சாகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அக்கறை. இரண்டுக்கும் தனித்தனிக் கதை போட மலரில் இடமில்லை. ஒரே கதையில் முடித்துவிட வேண்டும்.

"ரெண்டும் ஒட்டாதே சார்."

"நீங்கதான் எழுத்தாளராச்சே. ஒட்ட வைங்க. முடிவு மட்டும் நம்பிக்கையா இருக்கட்டும். அந்த வார்த்தை வேண்டாம். குடும்பப் பத்திரிகை பாருங்க."

"குடும்பத்துல யாருக்கும் அது இல்லையா சார்?"

அவர் கடைசித் தேதியைச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார்.

(வார்த்தை மேலே ஏற்கெனவே வந்துவிட்டது. வெட்டுவதானால் அவரே வெட்டிக்கொள்ளட்டும். என் கத்தரிக்கோலுக்கு வேறு வேலை இருக்கிறது.)

2

எழுதி எறிந்த தொடக்கங்கள்:

கடல் அமைதியாக இருந்தது. அவள் மனமோ

'மனமோ' என்று எழுதிய கையை உதற வேண்டியிருந்தது. கடலையும் மனத்தையும் அடுத்தடுத்து உட்கார வைத்தால் அடுத்த வரியில் அலை அடித்தே தீரும்.

கரையேறிய தாய் ஆமை குழி தோண்டி முட்டையிட்டது. அதன் கண்களிலிருந்து தாய்மையின் கண்ணீர்

இதில் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டேன். அது கண்ணீரே இல்லை. உடம்பில் மிஞ்சிய உப்பை ஆமை கண்வழியாக வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். முட்டையிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். குஞ்சு பிழைக்குமா, என்ன படிக்கும், யாரைக் கட்டும் என்ற கவலையெல்லாம் அதற்குக் கிடையாது. அதைப் பிடித்து வந்து தாய்மைக்கு அடையாளமாக்குகிறோம். ஆமைக்குத் தெரிந்தால் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும் என்று எழுதப் போனேன். கடலாமையால் அதுவும் முடியாதாம்.

அவள் கண்ணாடி முன் நின்று மெல்ல

இந்த நோய் வரும் கதைகளில் எல்லாம் ஒரு பெண் கண்ணாடி முன் நிற்கிறாள். ஆளுயரக் கண்ணாடி, மெல்லிய திரைச்சீலை, பக்கவாட்டில் வெளிச்சம். என் கதையில் வரும் வீட்டில் இருப்பது கைக்குட்டை அகலக் கண்ணாடி, குழாய்க்கு மேலே ஆணியில் தொங்குவது. முகத்தையே தவணை முறையில்தான் பார்க்க முடியும். கழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது.

சரி. பீடிகை போதும்.

3

அவள் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். கடலுயிரியல் படித்தவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள். ஆமைகளுக்காக இந்த வேலையில் சேர்ந்தாள். கிடைத்த வேலையோ பேனருக்கு வாசகம் எழுதுவதும் நாற்காலி வரவழைப்பதும் டி-ஷர்ட் அளவு சரிபார்ப்பதும். "படிச்சு முடிச்சுட்டு ஆமைக்கு வேலை பாக்குறா" என்று அவள் அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பெருமை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பது கேட்பவர் சாமர்த்தியம்.

நிறுவனத்தின் மேலாளரை அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் மோனை சார் என்பார்கள். ஒரே எழுத்துக் குடும்பத்தில் தொடங்காத இரண்டு சொற்களை அவரால் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடியாது. ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதையும் பெண்களுக்கான பரிசோதனை முகாமையும் கடற்கரையில் ஒரே காலையில் நடத்துவது என்று முடிவானபோது, அவர் ஒரு முழு நாள் யோசித்துப் பெயர் வைத்தார்: 'ஆமையும் அன்னையும்'.

"இதுல நோய் எங்க சார் இருக்கு?" என்று கேட்டாள்.

"அன்னைன்னாலே புரிஞ்சிடும்மா."

"அம்மாவுக்கு மட்டும்தான் வருமா சார்?"

"எதுக்கெடுத்தாலும் குறுக்க பேசுனா எப்படி? மார்பகம்னு பெருசா எழுதிக் கட்டுனா ஆளுங்க முகம் சுளிப்பாங்க. நாசூக்கா சொல்லணும்."

நாசூக்காக அச்சடித்த சுவரொட்டியில் கழுத்தில் ரோஸ் ரிப்பன் கட்டிய ஆமை ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்தது. (ஆமைக்குப் பல் கிடையாது.) 'இலவசப் பரிசோதனை' என்று இருந்தது. எதற்கு என்று இல்லை.

அந்தச் சுவரொட்டியை அவள் பையிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தாள் அம்மா. அம்மா ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுபவள்.

"ஆமைக்கு என்னடி நோவு?"

"ஆமைக்கு இல்லம்மா. பொம்பளைங்களுக்கு."

"அப்ப ஆமை எதுக்கு?"

"அதை எங்க சார்கிட்டதான் கேக்கணும். மார்பகப் புற்றுநோய் இருக்கான்னு பாக்குறாங்கம்மா. டாக்டர் வேன் வருது."

அம்மா சுவரொட்டியை நாலாக மடித்தாள். விளிம்போடு விளிம்பு பிசகாமல் சேர்ந்தது.

"எனக்கு ஒண்ணு இருக்கு" என்றாள்.

"என்ன?"

"கட்டி."

"எங்க?"

"நீ இப்ப சொன்ன எடத்துலதான்."

அம்மா பாத்திரத்தில் மிச்சம் இருந்ததைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றத் தொடங்கினாள்.

"எப்ப இருந்து?"

"ஓட்டல்ல வெள்ளை விரிப்பை மாத்திட்டு சாம்பல் கலர் கொண்டாந்தாங்களே, அதுக்கு முன்னாடியே."

"ஏம்மா சொல்லல?"

"வலிக்கல. வலிச்சா சொல்லியிருப்பேன்."

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் மகள். கெஞ்சினாள், திட்டினாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். அம்மா மசியவில்லை.

"அங்க உள்ள போறப்ப மனுஷி, வெளிய வர்றப்ப நோயாளி. எனக்கு வேண்டாம். உங்க வேன்னா வர்றேன். வேலைக்குப் போற வழிதானே, ஏறி எறங்கிடுவேன். ஆனா ஷிப்டு மணி அடிக்கறதுக்குள்ள நான் ஓட்டல்ல இருக்கணும், சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள முடியலன்னா?"

"விடு. இத்தனை நாள் சும்மாதானே இருந்துச்சு."

அம்மா ஒரு விஷயத்தை 'விடு' என்றால் விட்டதுதான். அப்படி விட்ட உறவுகளே உண்டு. ஆகவே இருப்பது ஒரே ஒரு காலை, ஒரே ஒரு வேன். அன்றைக்குத் தவறினால் அம்மாவை இன்னொரு முறை கிளப்ப முடியாது.

4

இதுவரை எழுதியதை ஆசிரியருக்கு அனுப்பினேன். அவருக்கு வார்த்தையைவிடப் பெரிய குறை ஒன்று கண்ணில் பட்டிருந்தது.

"பொண்ணு எப்பப் பாத்தாலும் கோபமாவே இருக்காளே. ஒரு எடத்துலயாவது சிரிக்க வைங்கம்மா. வாசகர்களுக்குப் பிடிக்கணும்ல?"

முயன்றேன்.

அவள் மெல்லப் புன்னகைத்தபடி

எதற்கு? அம்மாவின் கட்டிக்கா, பல் முளைத்த ஆமைக்கா? பேனா நகரவில்லை. சிரிக்கிற பெண் வேண்டுமானால் எதிர்ப்பக்கத்து விளம்பரத்தில் ஒருத்தி கையில் பையோடு இருப்பாள். அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.*

* நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை எல்லோரும் ரோஸ் உடுத்தி வர வேண்டும். போன முறை எங்கள் பிரிவுத் தலைவர் ரோஸ் சட்டை, ரோஸ் காலுறை சகிதம் வந்து 'முன்கூட்டியே கண்டறிவோம்' என்று உருக்கமாகப் பேசினார். கூட்டம் கலைந்ததும் பக்கத்து மேசை அக்கா ஸ்கேனுக்கு லீவு கேட்டார். "ஆடிட் முடிஞ்சதும் போங்களேன், என்ன அவசரம்?" என்றார் ரோஸ் காலுறை. இதைக் கதைக்குள் வைத்தால் மிகை என்பார்கள் என்பதால் கீழே வைத்தேன்.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு வந்திருக்கும். இந்த அம்மா என் அம்மாவா? இல்லை. என் அம்மா எதையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல மாட்டார். உங்கள் அம்மாவா என்று வேண்டுமானால் போய்க் கேட்டுப் பாருங்கள்.

5

நிகழ்ச்சிக் காலை.

மணலை ஒட்டிய தார்ச்சாலையில் வேன் நின்றது. பளபளப்பான வேன். படிக்கு முன்னால் இரண்டு கம்பங்கள் நிறுத்தி, குறுக்கே ரோஸ் ரிப்பன் கட்டியிருந்தார்கள். பக்கத்து மேசையில் தட்டு, தட்டில் வெல்வெட், வெல்வெட்டில் கத்தரிக்கோல். சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டி முகாமைத் தொடங்கிவைப்பார். பிறகு மணலில் இறங்கி ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவார். (ஆசிரியர் கவனத்துக்கு: விருந்தினர் தண்ணீர்த் தொட்டி செய்யும் நிறுவனத்தின் தலைவர். பை நிறுவனத்துக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொட்டியும் பிளாஸ்டிக்தானே என்று கேட்காதீர்கள்.)

விருந்தினர் வரவில்லை.

"கிளம்பிட்டாரு" என்றார் மோனை சார். கொஞ்சம் கழித்து, "கிளம்பப் போறாரு" என்றார். காலம் அவருக்குப் பின்னோக்கி நகர்ந்தது.

ரிப்பனுக்கு இந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லோர் மேலும் ஒரே அளவு ரோஸ் டி-ஷர்ட். பாதிப் பேருக்குக் கூடாரம், பாதிப் பேருக்கு மூச்சுத் திணறல். வரிசையின் முதல் ஆள் அம்மா. டி-ஷர்ட்டை வாங்கி நீவி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "அடுப்படித் துணிக்கு ஆகும்."

வரிசையை ஒட்டி, குடைக்கு அடியில் ஒரு நீலத் தொட்டி. அதில் ஆமைக்குஞ்சுகள். கம்பிவேலிக்குள் முட்டைகளைப் புதைத்துக் காவல் காத்துப் பொரிக்க வைத்த தன்னார்வலரை எல்லோரும் ஆமை அண்ணன் என்பார்கள். அவர் ஈரச் சாக்கைத் தொட்டிமேல் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

"ராத்திரியே பொரிஞ்சுதுங்கம்மா. அப்பவே விட்டிருக்கணும். போட்டோ விழாதுன்னு உங்க சார் வெக்கச் சொல்லிட்டாரு" என்றார் மகளிடம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். குஞ்சுகள் தொட்டிச் சுவரில் முட்டி முட்டித் துடுப்படித்துக்கொண்டிருந்தன.

"எங்க போகுதுங்க?"

"எங்கயும் போகல. கடலுக்குப் போறதா நினைச்சு இங்கயே நீந்துதுங்க. பொறந்த வேகம் கொஞ்ச நேரந்தான் இருக்கும். அதை இங்கயே தீத்துட்டா அலையைத் தாண்டத் தெம்பு இருக்காது."

"அப்ப விட வேண்டியதுதானே தம்பி?"

"விருந்தாளி வரணும்."

"இதுங்களுக்கு அவரைத் தெரியுமா?"

ஆமை அண்ணன் சாக்கை மறுபடி நனைத்தார். அம்மா சாலைப் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வை மகளுக்குத் தெரியும். வீட்டில் விருந்தாளிகள் கிளம்பாதபோது சுவர்க் கடிகாரத்தின்மேல் விழும் பார்வை. ஓட்டல் மணி அடிக்க இன்னும் சற்று நேரம்தான்.

6

இந்த இடத்தில் கதை முடிவுக்குத் தயாராகிவிட்டது. மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. அவள் மேசைக்குப் பாய்ந்து கத்தரிக்கோலை எடுக்கிறாள். "நோய் யாருக்காகவும் காத்திருக்காது!" என்று முழங்கி ரிப்பனை வெட்டுகிறாள். பெண்கள் கைதட்டுகிறார்கள். எழுதி முடித்து எனக்கே கண் கலங்கிவிட்டது. அதனால்தான் சந்தேகம் வந்தது. இதில் எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அம்மா எங்கே நிற்கிறாள் என்று எனக்கே நினைவில்லை.

இரண்டாம் முடிவு. விருந்தினர் வந்து இறங்குகிறார். வரிசையைப் பார்த்து மனம் நெகிழ்கிறார். தன் மறைந்த மனைவியை நினைத்து

ஆசிரியருக்கு இதுதான் பிடித்தது. தாமதமாக வருகிறவர்களுக்கெல்லாம் இறந்துபோன மனைவி ஒருத்தியைக் கொடுத்து மன்னித்துவிடுகிறோம். இந்தக் கதையில் அவர் மனைவி உயிரோடு, ஆரோக்கியமாக இருக்கிறாள். மன்னிப்பு இல்லை.

மூன்றாம் முடிவு. அம்மா "விடு" என்று சொல்லி வேலைக்குப் போய்விடுகிறாள். அலை வந்து அவள் காலடித்தடத்தை அழிக்கிறது. பரிசு வாங்கும் முடிவு இது. தடம் தார்ச்சாலையில் இருக்கிறது, அலை அங்கே எப்படி வரும் என்று எந்த நடுவரும் கேட்க மாட்டார்.

7

நடந்தது இது.

அவள் மோனை சாரைப் பிடித்துக்கொண்டாள். "சார், ஆரம்பிக்கச் சொல்லுங்க. அவரு வந்ததும் வெட்டட்டும்."

"வெட்டாம எப்படிம்மா ஆரம்பிக்கறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"உள்ள டாக்டர் சும்மா உக்காந்திருக்காங்க. வெளிய இவங்க வெயில்ல நிக்கறாங்க. நடுவுல ஒரு துணி. இது என்ன முறை சார்?"

"பொறுமை வேணும்மா. பொறுமையும் பொறுப்பும்…"

"மோனையை நிறுத்துங்க சார்!"

அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்பதை மறந்தே போனாள். பிறகு அணை உடைந்தது. பல் முளைத்த ஆமையில் ஆரம்பித்து, ராத்திரியிலிருந்து தொட்டியில் நீந்தும் குஞ்சுகள் வழியாக, அச்சில் ஏறாத அந்த வார்த்தைக்கு வந்து, அதை இரண்டு முறை சத்தமாகச் சொன்னாள். நல்ல பேச்சு. அவள் வாழ்நாளில் பேசியதிலேயே கோர்வையான பேச்சு. அம்மா கேட்டாளா என்று பெருமையோடு திரும்பினாள்.

வரிசையில் அம்மா இல்லை.

இவள் வாய் பேசிய நேரத்தில் அம்மாவின் கால் கிளம்பிவிட்டது. ஓட்டல் இருக்கும் திசையில் மூச்சிரைக்க ஓடினாள். திருப்பம்வரை யாரும் இல்லை. ஒரு பேருந்து புகை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதில்தான் அம்மா போகிறாள் என்று நினைத்தாள். அழுகை வராமல் கோபம்தான் வந்தது. பேருந்து மேல், அம்மா மேல், தன் அழகான பேச்சின் மேல்.

திரும்பி வந்தபோது வரிசை ஏதோ மாதிரி இருந்தது. ரிப்பன் அப்படியே இருந்தது. வேன் படிக்குக் கீழே, ரிப்பனுக்கு அந்தப் பக்கம், அம்மாவின் செருப்பு.

"குனிஞ்சு போய்ட்டாங்க" என்றாள் அடுத்து நின்ற பெண். "நீ அங்க கத்திக்கிட்டு இருந்தியா, எல்லாரும் உன்னைப் பாத்தாங்க. அந்தக்கா கம்பத்தைப் பிடிச்சுக் குனிஞ்சாங்க, உள்ள போய்ட்டாங்க. நானும் போகலாமா?"

"போங்க."

அவள் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மோனை சார் கையை நீட்டினார். ஆனால் எதைத் தடுப்பது? ரிப்பனில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. முறைக்கு எந்தக் குறையும் இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆமை அண்ணன் யாரையும் கேட்காமல் தொட்டியைத் தூக்கித் தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் ஈர மணலில் சாய்த்தார்.

(விருந்தினர் வெயில் ஏறியபின் வந்தார். ரிப்பனை வெட்டி, முடிந்துபோன முகாமைத் தொடங்கிவைத்தார். மணலில் இறங்கி, காலித் தொட்டியைக் கடலை நோக்கிச் சாய்த்துச் சிரித்தார். புகைப்படம் நன்றாக வந்தது. மகள் அப்போது அங்கே இல்லை. நான் பார்த்தேன். எழுதுபவளுக்கு அந்த வசதி உண்டு.)

8

வேனுக்குள் திரைக்கு இந்தப் பக்கம் மகள் நின்றாள். டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"நான் யாருமே வரலன்னு நினைச்சேன். ரிப்பன் கட்டச் சொன்னது யாரு?… கையைத் தூக்குங்கம்மா. இங்கயா?"

"ம்."

"எத்தனை நாளா இருக்கு?"

"வலிக்கல டாக்டரம்மா. அதான் விட்டுட்டேன்."

"வலிக்கலன்னா விடக் கூடாதும்மா. வலியில்லாத கட்டியையும் உடனே காட்டணும்."

திரைக்குக் கீழே அம்மாவின் கால்விரல்கள் மடங்கி விரிந்தன.

"பாதிக்கு மேல இந்தக் கட்டிங்க சாதாரணமானதுதான். ஆனா கையால தொட்டு அதை நான் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்து, ஊசி வெச்சுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். இன்னைக்கே போங்க."

அம்மா வெளியே வந்தாள். மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டே படி இறங்கிச் செருப்பை மாட்டினாள். ஓட்டல் மணி எப்போதோ அடித்திருக்கும்.

"வேலை?" என்றாள் மகள்.

"அரைநாள் போச்சு. சூப்பர்வைசர் கத்துவான். நீ கத்துறதைவிடவா?"

"அம்மா. பெரியாஸ்பத்திரி."

"வரமாட்டேன்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

அம்மா சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "தனியா வரமாட்டேன்னு சொன்னதா வெச்சுக்கோ."

பின்னாலிருந்து மோனை சார் கூப்பிட்டார். விருந்தினர் நிஜமாகவே கிளம்பிவிட்டாராம், மாலையை யார் எடுத்துக் கொடுப்பது? மகள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கத்தரிக்கோல் தட்டில் வைத்தாள். வேலை போகுமா? போகலாம். அந்தக் கதையை இன்னொரு மலருக்கு வைத்துக்கொள்கிறேன். இப்போது பேருந்து வந்துவிட்டது.

9

"ரிசல்ட் என்னாச்சும்மா?" ஆசிரியர் மறுபடியும்.

"இன்னும் வரல சார்."

"கதைதானே? நீங்கதானே எழுதணும்? ஒண்ணுமில்லைன்னு ஒரு வரி போடுங்க. எல்லாரும் நிம்மதியா பக்கத்தைப் புரட்டுவாங்க."

போடலாம். ஒரு வரிதான். அதே வரிக்காக உண்மையில் உட்கார்ந்திருப்பவர்கள் மலரை வாங்கிப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்தால் எங்கே ஒளிவேன்? மாறாக எழுதினாலும் அதே வெட்கம்தான். ஒரு பெண்ணின் உடம்பை விழிப்புணர்வுக்காகச் சாகடிக்க எனக்கு யார் உரிமை தந்தது? இரண்டும் செய்யப் போவதில்லை. நம்பிக்கை வேண்டுமென்றால் அந்த அம்மா குனிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்னிடம் இல்லை.

ஆகவே அவர்களை ஆஸ்பத்திரி நடைவழியில் விட்டிருக்கிறேன். பச்சை வண்ணம் பூசிய சுவர். ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள். ஒருவர் எழுந்தால் மற்றவர்கள் ஆடுகிறார்கள். அம்மா நடுவில், மகள் இடப்பக்கம். வலப்பக்கம் காலி.

"பயமா இருக்கா?" என்று கேட்கிறாள் மகள்.

"உனக்கு?"

"ம்."

"அப்ப சும்மா உக்காரு. ரெண்டு பேரும் பேசுனா ஜாஸ்தியாகும்."

கதவு திறக்கிறது. அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். கூட ஒருவர் வரலாம், பை கூடாது என்கிறாள் நர்ஸ். அம்மா பையை மகளிடம் நீட்டுகிறாள். மகளும் உள்ளே போக வேண்டுமே. இருவரும் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள்.

நடைவழியில் வேறு யாரும் இல்லை. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், என் கை காலியில்லை.

நீங்கள்தான் இருக்கிறீர்கள். உட்காருங்கள், பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கனமில்லை. அவர்கள் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்து எதையும் கேட்டுவிடாதீர்கள். முதலில் பையைக் கொடுங்கள்.